பாடுகளின் பூவும் பாண்டவர் பூவும்

வீட்டுத் தோட்டத்தில் நாம் நட்டு வளர்க்கும் செடிகள் நம்மைக் கேள்வி கேட்பதில்லை. அவற்றின் பெயர் நமக்குத் தெரியும், தெரிந்துதான் நட்டோம். நாம் நடாமலே வந்து நிற்பவைதாம் நம்மை நிறுத்திக் கேட்க வைக்கின்றன. பறவையின் எச்சத்தில் வந்ததோ, வண்டியில் கொட்டிய மண்ணோடு வந்ததோ, ஒரு நாள் விடியலில் வேலிக் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு கொடி பூத்து நிற்கிறது.

சென்ற தவக்காலத்தில் எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் அப்படிப்பட்ட பூ ஒன்றை ஈரத்துணியில் பொதிந்து கொண்டுவந்தார். வெண்மையும் இளஊதாவும் கலந்த சிறு பூ. "சாமி, இது ஆண்டவருடைய பாடுகளின் பூ என்று கொடைக்கானலிலிருந்து வந்த என் அக்காள் சொல்கிறார். முள்முடி, ஆணி, ஐந்து காயம் எல்லாம் இதில் இருக்கிறதாம். பிள்ளைகளுக்குக் காட்டி, நம் வேதம் உண்மை என்பதற்கு இறைவன் படைப்பிலேயே வைத்த சாட்சி இது என்று சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் பக்கத்து வீட்டு அம்மா இதைப் பார்த்துவிட்டு, இது பாண்டவர் பூ என்கிறார். பஞ்ச பாண்டவரும் நூறு கௌரவரும் இதற்குள் இருக்கிறார்களாம். யார் சொல்வது சரி?" என்று கேட்டார். கேள்வி பூவைப் பற்றியது மட்டுமன்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இக்கட்டுரை சற்று நீள்கிறது.

முதலில் பூவை எண்ணிப் பார்ப்போம். வெளிப்புறத்தில் இதழ்கள் போலத் தோன்றுபவை பத்து. உண்மையில் அவற்றில் ஐந்து புல்லிகள், ஐந்து அல்லிகள். நிறத்திலும் வடிவிலும் ஒத்திருப்பதால் பத்து இதழ்கள் என்றே கண் சொல்லும். அவற்றுக்கு மேல் நூல் போன்ற மெல்லிய இழைகள் வட்டம் வட்டமாக நிற்கின்றன. நடுவே ஒரு தண்டு எழுகிறது. அத்தண்டிலிருந்து ஐந்து மகரந்தத்தாள்கள் குடைக்கம்பிகள் போல விரிகின்றன. அவற்றுக்கு மேல் உருண்டையான சூலகம். சூலகத்தின் உச்சியிலிருந்து, தலை பருத்த ஆணிகளைப் போல மூன்று சூல்தண்டுகள். இலைக்கக்கங்களில் சுருள் சுருளான பற்றுக்கம்பிகள். ஆசிரியை கொண்டுவந்த பூவுக்கு இன்னொரு அடையாளமும் இருந்தது. பூவின் அடியில், பச்சைப் பாசியைப் பின்னியது போல நுண்ணிழைகளாகக் கிழிந்த மூன்று பூவடிச் செதில்கள். தொட்டால் பிசுபிசுக்கும், இலையைக் கசக்கினால் ஒரு தீய வாடை எழும்.

இவ்வளவும் கூடினால் ஐயமில்லை. இது சிறுபூனைக்காலி. தமிழகத்தின் சமவெளிகளில் வேலிகளிலும் தரிசுகளிலும் படர்ந்து கிடக்கும் கொடி. செடிநூலார் இதற்கு வைத்த பெயர் பாசிஃபுளோரா ஃபோயிட்டிடா. இலத்தீனில் 'தீய நாற்றமுள்ள பாடுகளின் பூ' என்று பொருள்படும். இதன் உறவினர் பலர் நமக்கு அறிமுகமானவர்களே. நீலகிரியிலும் பழனிமலையிலும் தாட்பூட் பழம் என்றும், யாழ்ப்பாணத்தில் கொடித்தோடை என்றும் வழங்குவது இக்குலத்தைச் சேர்ந்ததே. பழச்சாறு விற்போர் அதனைப் 'பேஷன் ஃபுரூட்' என்கிறார்கள். அதனை 'ஃபேஷன்' பழம் என்று எழுதி வைத்த கடைகளையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆங்கிலப் பெயரில் உள்ளது நாகரிகமும் அன்று, மோகமும் அன்று, கிறிஸ்துவின் பாடுகள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது? இக்குலத்தில் இன்று அறியப்பட்டுள்ள இனங்கள் ஐந்நூற்றுக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. ஆகவே ஐரோப்பியர் அங்குச் சென்ற பின்னரே இப்பூவைக் கண்டனர். கண்டதும் அவர்கள் முதலில் கவனித்தது பூவை அன்று, பழத்தை! 1553இல் வெளிவந்த தம் பெரு நாட்டு நூலில் சியேசா தெ லெயோன் என்னும் ஸ்பானியப் படைவீரர் இப்பழத்தைக் குறிப்பிடுகிறார். மாதுளை போல விதை நிறைந்திருந்ததால் 'சிறுமாதுளை' என்று பொருள்படும் கிரனடில்லா என்னும் பெயரை ஸ்பானியர் வைத்தனர். பிரேசிலின் துப்பி மக்கள் அதனை மராகுஜா என்றனர்; வர்ஜீனியாவின் பழங்குடியினர் மராகாக் என்றனர். பாடுகளின் பெயரைப் பெறுவதற்கு முன்னரே இப்பூவுக்கு ஊர்தோறும் பெயர் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பெயரில்லாத பூவுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. பெயருள்ள பூவுக்கு வேறு பெயர் வைத்தோம்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூவில் பாடுகளின் அடையாளங்கள் உள்ளன என்ற பேச்சு எழுந்தது. 'ஐந்து காயங்களின் பூ' என்ற ஸ்பானியப் பெயரும் வழக்கில் வந்தது. பெருவில் பணியாற்றிய இயேசு சபைக் குரு யோசே தெ அக்கோஸ்தா, 1590இல் வெளியிட்ட இந்தியத் தீவுகளின் இயற்கை வரலாற்று நூலில் இதனைப் பற்றிச் சில வரிகள் எழுதியுள்ளார். ஆணிகளும் தூணும் சாட்டைகளும் முள்முடியும் காயங்களும் இப்பூவில் இருப்பதாக மக்கள் சொல்வதைக் குறிப்பிட்டுவிட்டு, அதில் நியாயம் இல்லாமல் இல்லை என்கிறார். ஆனால் எல்லாவற்றையும் காண வேண்டுமானால் கொஞ்சம் பக்தியும் உதவிக்கு வர வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். பூ அழகானது, மணமில்லாதது என்பதையும் சொல்லத் தவறவில்லை. இந்தப் பூவைப் பற்றி நானூறு ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றுள் இத்தனை நிதானமான கூற்றை நான் கண்டதில்லை. பக்தியை அவர் பழிக்கவில்லை. பக்தி பார்த்த ஒன்றைக் கண் பார்த்ததாகச் சொல்லவும் இல்லை.

அக்கோஸ்தாவின் நிதானம் பின்வந்தோரிடம் நிலைக்கவில்லை. மெக்சிகோவில் பிறந்த அகுஸ்தினார் சபைத் துறவி எம்மானுவேல் தெ வில்லேகாஸ் இப்பூவின் ஓவியங்களை ரோமுக்குக் கொண்டுவந்து, மால்டா வீரத்துறவியர் சபையின் வரலாற்றாசிரியரான யாக்கொமோ போசியோவிடம் காட்டினார். போசியோ அப்போது திருச்சிலுவையைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். இப்படியும் ஒரு பூ உண்டா என்று அவர் முதலில் தயங்கினார். மெக்சிகோவிலிருந்து வந்த வேறு சிலரும், அவர்களுள் இயேசு சபையினரும், உண்டு என்று சான்று பகர்ந்த பின்னரே 1610இல் வெளிவந்த தம் நூலில் அதனைச் சேர்த்தார். அவர் கணக்கில் இழைகள் எழுபத்திரண்டு. மரபுப்படி முள்முடியின் முட்களும் அத்தனையே. இலை ஈட்டி முனை. இலையின் அடியில் காணும் வட்டப் புள்ளிகள் யூதாசு பெற்ற முப்பது வெள்ளிக்காசுகள். போசியோ அப்போது உயிருள்ள பூவைக் கண்டவர் அல்லர், கண்டது படத்தை.

ஊறு நேர்ந்ததும் படத்தில்தான். அக்காலத்து அச்சுப்படங்கள் சிலவற்றில் பூவின் இழைகள் மெய்யாகவே பின்னிய முள்முடியாகவும், சூல்தண்டுகள் கொல்லன் பட்டறையில் அடித்த ஆணிகளாகவும் வரையப்பட்டன. ஓவியன் பூவைப் பார்த்து வரையவில்லை. பூவைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டு வரைந்தான். இதற்குள் செடியே ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ரோமில் பர்னேசே கர்தினாலின் தோட்டத்தில் அது வளர்ந்ததை 1625இல் அச்சான அத்தோட்டத்துச் செடிகளின் நூல் காட்டுகிறது. இனி யாரும் எண்ணிப் பார்க்கலாம். லண்டன் மருந்தாளர் ஜான் பார்க்கின்சன் 1629இல் தம் தோட்டநூலில் அந்த அச்சுப்படத்தையும் உண்மைப் பூவின் படத்தையும் சேர்த்தே வெளியிட்டு, இயேசு சபையினர் மக்களை நம்பவைக்க வரைந்த பொய் இது என்று கடுமையாக எள்ளினார். படத்தை ரோமுக்குக் கொண்டுவந்தவர் அகுஸ்தினார் சபைத் துறவி. பழி விழுந்ததோ இயேசு சபையின்மேல். அது போகட்டும். படம் பொய் என்பதில் பார்க்கின்சன் சொன்னது சரியே. உண்மையைத் துணைக்கழைக்க வந்தவர்கள் உண்மையைச் சற்றே திருத்தினார்கள். அந்தச் சிறு திருத்தம், எள்ளுவோர் கையில் ஆயுதமாயிற்று.

இருந்தும் பெயர் நிலைத்தது. சுவீடன் நாட்டு லூத்தரன் குருவின் மகனான லின்னேயஸ், பழைய 'ஃபுளோஸ் பாசியோனிஸ்' என்பதைச் சுருக்கிப் பாசிஃபுளோரா என்று ஒரே சொல்லாக்கினார். 1745இல் அவருடைய வழிகாட்டலில் இக்குலத்தைப் பற்றியே ஓர் ஆய்வேடு வெளிவந்தது. இன்றும் செடிநூலார் பின்பற்றும் பெயர்வரிசைக்குத் தொடக்கமான 1753ஆம் ஆண்டு நூலில் நம் வேலிச் சிறுபூனைக்காலியும் இடம்பெற்றது. பத்து இதழ்களுக்குப் பொருள் சொல்லும் வழக்கமும் பரவிற்று. யூதாசும் பேதுருவும் நீங்கலாக எஞ்சிய பத்து அப்போஸ்தலர்களாம். இதில் எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. மறுதலித்த பேதுருவை வெளியே நிறுத்தினார்கள். கெத்சமனியில் ஓடிப்போன மற்றவர்களை உள்ளே அமர்த்தினார்கள். சிலுவையடியில் ஓடாமல் நின்ற பெண்களுக்கோ இந்தப் பூவில் ஓர் இதழும் கிடைக்கவில்லை!

இனிப் பக்கத்து வீட்டு அம்மாவின் பூவுக்கு வருவோம். பெரிய ஊதாப் பூவாகப் பூக்கும் இதன் உறவுக்கொடிகளை நாற்றுப்பண்ணைகளில் கிருஷ்ணகமலம் என்று விற்கிறார்கள். விளிம்பில் நிற்கும் இழைகள் நூறு கௌரவர். ஐந்து மகரந்தத்தாள்கள் பாண்டவர். மூன்று சூல்தண்டுகள் மும்மூர்த்திகள். நடுவிலிருக்கும் சூலகம் கண்ணபிரான். ஐந்தும் மூன்றும் அங்கும் இங்கும் ஒன்றே. ஒரு வீட்டில் காயங்களும் ஆணிகளும். அடுத்த வீட்டில் பாண்டவரும் மும்மூர்த்திகளும். ஜப்பானியர் இவ்விரண்டையும் காணவில்லை. வட்டமான முகத்தில் முட்கள் போலச் சூல்தண்டுகள் நிற்பதைக் கண்டு 'கடிகாரச் செடி' என்று பெயரிட்டனர். கிரேக்கர், கிறிஸ்தவர்களாயிருந்தும், தம் மொழியில் கடிகாரப் பெயரையே வழங்குகின்றனர்.

மகாபாரதக் கதை மிகப் பழையது. ஆனால் இந்தப் பூ நம் நாட்டுக்கு வந்தது ஐரோப்பியர் கடல் கடந்த பின்னரே. எனவே பாண்டவர் பெயர் பூவைவிடப் பழையதாக இருப்பினும், பூவோடு சேர்ந்தது அண்மைக்காலத்தில்தான். இதைச் சொல்லிப் பக்கத்து வீட்டாரை வென்றுவிடலாம் என்று நினைப்பவர் ஒரு கணம் நிற்க வேண்டும். நம் பெயரின் கதையும் அவ்வாறே. திருப்பாடுகள் யெருசலேமில் நிகழ்ந்தபோது, அதனைக் கேள்வியுறாத ஒரு கண்டத்தில் இக்கொடி பூத்துக்கொண்டிருந்தது. இரு வீட்டாரும் செய்தது ஒன்றுதான். தங்கள் நெஞ்சில் ஏற்கெனவே இருந்த கதையைப் பூவில் கண்டார்கள்.

அப்படியானால் அந்த இழைகளும் ஆணிகளும் உண்மையில் எதற்காக? பூவுக்குத் தன் வேலை உண்டு. நடுத்தண்டின் அடியில் தேன் சுரக்கும் கிண்ணம் இருக்கிறது. இழைவட்டம் நிறத்தாலும் வரிகளாலும் பூச்சியை அங்கே அழைக்கிறது. தாட்பூட் பூவுக்குப் பெரிய கருவண்டு வருகிறது. அது தேனை நாடி வட்டமிட்டு நடக்கையில், மேலே கவிழ்ந்திருக்கும் மகரந்தப்பைகள் அதன் முதுகில் பொடியைப் பூசுகின்றன. விரிந்த சிறிது நேரத்தில் சூல்தண்டுகள் மெல்ல வளைந்து கீழிறங்கி, அடுத்து வரும் வண்டின் முதுகில் உள்ள பொடியை ஏற்கின்றன. ஆணிகள் என்று நாம் கண்டவை அசைகின்றன! நடுத்தண்டின் அமைப்பு லின்னேயஸையே ஏமாற்றியது. மகரந்தத்தாள்கள் சூலகத்தோடு ஒட்டிப் பிறப்பதாகக் கருதி, அவர் இக்குலத்தைப் பொருந்தாத வகுப்பில் வைத்தார். உண்மையில் ஆண் உறுப்பையும் பெண் உறுப்பையும் ஒருங்கே தாங்கி நிற்கும் தனித்தண்டு அது.

போசியோவின் வெள்ளிக்காசுகளுக்கும் வேறு கதை உண்டு. இக்குலத்தில் பல இனங்களின் இலையிலும் காம்பிலும் உள்ள புள்ளிகள் தேன் சுரப்பிகள். அங்கு வரும் எறும்புகள் இலை தின்னும் புழுக்களைத் துரத்துகின்றன. அமெரிக்க இனங்கள் சிலவற்றில் இப்புள்ளிகள் வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளைப் போலவே மஞ்சளாக இருக்கும். ஏற்கெனவே முட்டையுள்ள இலை என்று எண்ணி, தாய்ப்பூச்சி வேறிடம் போய்விடும் என்பதை 1981இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் சிறுபூனைக்காலியின் பிசுபிசுத்த செதில்களோ சிற்றுயிர்களைச் சிக்கவைக்கின்றன. அவற்றைச் செரிக்கும் நொதிகளும் அச்செதில்களில் சுரக்கின்றன என்று 1995இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினர். மொட்டையும் காயையும் காக்கும் வேலி அது. இத்தனையும் தெரிந்த பிறகு பூ சிறியதாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

குருமடத்தில் எங்களுக்கு விவிலியத்தைக் கற்பித்த முறை இங்கே நினைவுக்கு வருகிறது. திருநூலுக்கு நேர்ப்பொருளும் உண்டு, அதன்மேல் எழும் ஆன்மீகப் பொருள்களும் உண்டு. ஆனால் வாதத்துக்கு எடுக்கத்தக்கது நேர்ப்பொருள் ஒன்றே என்று புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் முதல் கேள்வியிலேயே வரையறுக்கிறார். ஆன்மீகப் பொருள் விசுவாசிக்கு ஊட்டம்; எதிராளிக்குச் சான்று அன்று. திருநூலுக்கே இந்த வரம்பு உண்டென்றால், வேலிப் பூவுக்கு இல்லாமற்போகுமா? பூவின் நேர்ப்பொருள் புல்லி, அல்லி, தேன், வண்டு. அதன்மேல் முள்முடியை நினைந்து உருகுவது நம் உரிமை. நம் பாட்டன் பூட்டன் காலத்து உரிமை. அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போதுதான் தவறு தொடங்குகிறது.

இதனை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. "அப்படியானால் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாதா?" என்றார். கட்டாயம் காட்ட வேண்டும் என்றேன். ஆனால் பூவை முதலில் பிள்ளைகள் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பத்து, ஐந்து, மூன்று என்று அவர்களே சொல்லட்டும். பிறகு, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்டவரை நேசித்த சிலர் இதைப் பார்த்து அவருடைய பாடுகளை நினைத்துக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். அது உண்மை, யாரும் மறுக்க இயலாத வரலாறு. 'இறைவன் சான்றாக வைத்தார்' என்று சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்? பத்து வயதில் அதை நம்பிய பிள்ளை, பதினாறு வயதில் செடிநூல் வகுப்பில் மகரந்தத்தாளைக் கற்கும். பக்கத்து வீட்டில் பாண்டவர் கதையைக் கேட்கும். பூ பொய்த்துவிட்டது என்று எண்ணும் அதே வேளையில், பூவோடு சேர்த்துக் கற்பித்த மற்றவையும் பொய்த்தனவோ என்று எண்ணத் தொடங்கும். அப்படி ஓர் இளைஞன் என்னிடமே வந்திருக்கிறான். அவனுடைய ஐயம் பூவிலிருந்து தொடங்கியதன்று, வேறொரு 'சான்றில்' தொடங்கியது. ஆனால் வழி ஒன்றே.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் ஆசிரியை கேட்டார். அவர் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, நம் கதையையும் சொல்லுங்கள் என்றேன். வேலிக்கு இரு புறமும் பூக்கும் கொடிதானே!

தோட்டத்தில் இத்தகைய கொடியைக் காண்போருக்குச் சில குறிப்புகள். பூவடியில் பாசி போன்ற செதில் இருந்து, இலை மூன்று மடலாகவும் மயிர் நிறைந்தும் இருந்தால் சிறுபூனைக்காலி. காலையில் விரிந்து வெயில் ஏறுமுன் குவிந்துவிடும். பிற்பகலில் தேடிப் பயனில்லை. அதன் காய் பச்சையாயிருக்கும்போது நஞ்சுள்ளது. நன்கு பழுத்து மஞ்சளானதையே கிராமத்துப் பிள்ளைகள் தின்பார்கள். இலை மூன்று மடலாய், ஓரம் வாள்பல் போல இருந்து, மேற்புறம் பளபளத்தால் தாட்பூட். இலை விரல்கள் போல ஐந்தாகப் பிரிந்து, வெள்ளை இதழ்மேல் நீல இழை நின்றால் நீலப் பாசிஃபுளோரா. தண்டு நாற்கோணமாய்ச் சிறகு வைத்து, இலை பிளவின்றி இருந்தால் பெரும்பழம் தரும் இனம். கொடியில் முள் முள்ளாக மயிர் நிறைந்த புழுக்கள் மொய்த்திருந்தால் பயப்பட வேண்டாம். செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் அவை, இக்குலத்து இலைகளை விரும்பித் தின்பவை.

ஐயம் தீராவிட்டால் பூவோடும் இலையோடும் ஒரு சாண் நீளக் கொடியை வெட்டி, செய்தித்தாள் மடிப்பில் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துங்கள். உலர்ந்ததும் நிறம் போய்விடும். ஆகவே நிறத்தை அன்றே எழுதி வையுங்கள். தமிழகச் செடிகளுக்கு இந்த வேலையைத் தம் வாழ்நாள் பணியாகச் செய்தவர் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினாட் உலர்தாவரகத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ. 2004இல் மறைந்த அவர், தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் செடிகளைப் பற்றி 1981 முதல் 1988 வரை வெளியிட்ட தொகுதிகள் இன்றும் ஆய்வாளர் கையில் இருக்கின்றன. பார்க்கின்சன் எள்ளிய அதே சபையிலிருந்துதான், இதழையும் இழையையும் உள்ளபடி எண்ணி எழுதிய இவரும் வந்தார்.

உலர்தாவரகங்களில் ஒவ்வொரு செடியும் ஒரு தாளில் ஒட்டப்பட்டு, கீழ்மூலையில் ஒரு சீட்டு இருக்கும். இலத்தீன் பெயர், கண்டெடுத்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், பூவின் நிறம். பல சீட்டுகளில் இன்னொரு வரியும் இருக்கும்: உள்ளூர்ப் பெயர். ஆசிரியை தாமே உலர்த்திய கொடிக்கு அப்படியொரு சீட்டு எழுதிக்கொண்டு வந்தார். அந்த வரியில் சிறுபூனைக்காலி, பாடுகளின் பூ, பாண்டவர் பூ என்று மூன்றையும் எழுதியிருந்தார்.